சுவருக்கு அந்தப் பக்கம் தாய் வீடு

என் மனைவியின் தாய் வீடு சில மாதங்கள் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்கும் தெருவே சிரித்ததுதான். பெருமாள் புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் நானும் சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

1991-ஆம் வருஷம். சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரை, வரிசையாகக் கதவுகள், பொதுவாக ஒரு கிணறு. அதில் கடைசிக்கு முந்தின கதவு எங்களுடையது. எனக்கு அப்பா அம்மா இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, மண்ணூர்ப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் நின்றேன். அந்த வருஷம்தான் என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். ஆக்கின கையோடு சம்பளத்தில் இன்சூரன்ஸ் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

சித்திரை மாதம் ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எங்களை எல்லாம் நிற்கவைத்து ஆபீசர் ஒருவர் விளக்கம் சொன்னார். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு டிஸ்பென்சரியில் பேரைப் பதிய வேண்டும். உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் அங்கே போக வேண்டும். அங்கிருக்கும் டாக்டரால் முடியாது என்றால் அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டோடு மெட்ராஸில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் இலவசம். வேறே எங்கே போனாலும் அவரவர் கைக்காசு.

"சார், சீக்கே வரலைன்னா கட்டின காசை திருப்பிக் குடுப்பீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வரலைன்னா சந்தோஷமா இருய்யா!" என்றார் அவர்.

குடும்பத்தார் பெயர் எழுத ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். ஒருத்தரும் பேனாவைத் திறக்கவில்லை. அவருக்குக் காரணம் புரியவில்லை. கம்பெனி வேன் ஓட்டும் அண்ணன்தான் எடுத்துச் சொன்னார்: "சார், இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கி நவமி. நாளன்னிக்கி வாங்க, முத்து முத்தா எழுதித் தருவானுங்க." அந்த அண்ணன் கிறிஸ்தவர். ஆனால் எங்கள் எல்லோருக்கும் நாள் கிழமை பார்த்துச் சொல்வது அவர்தான்.

என் கஷ்டம் அஷ்டமியோடு போகவில்லை. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள், நாலாவது மாதம். நோய்க்கு என்று போடுகிற காகிதத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் பேரை எழுதலாமா என்று எனக்கு மனசு கூசியது. என் மாமியார் வேறு, "சீக்கு வரும்னு மின்னாலயே பேரு குடுப்பாங்களா? அழையாத வூட்டுக்கு எமனுக்கு வழி காட்ற வேலை" என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

வேன்கார அண்ணன் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "பேரு இல்லாம ஆஸ்பத்திரி கேட்லயே வுட மாட்டான்டா. கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு குடுக்கறே இல்ல? அந்த மாதிரின்னு நெனச்சிக்கோ."

அது என் மனசில் பட்டது. தசமியன்று தாளைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, அவள் பேரை எழுதினேன். கொஞ்ச நாளில் எங்கள் இரண்டு பேர் பேரும் போட்டு இன்சூரன்ஸ் அட்டை வந்தது.

டிஸ்பென்சரி ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ரோஸ் கலரில் ஒரு தண்ணி மருந்து, எந்த வியாதிக்கும் அதே கலர். அங்கே இருந்த டாக்டரம்மா காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன உருவம், பெரிய குரல். என் மனைவிக்கு அவரைப் பார்த்தால் பயம், எனக்கும்தான்.

எட்டாவது மாதம் ஒரு நாள் டாக்டரம்மா வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"குழந்தை இன்னும் திரும்பலை. தலை மேல இருக்கு, கால் கீழ இருக்கு. திரும்பினா நல்லது. திரும்பலைன்னா வீட்ல வெச்சிப் பிரசவம் பார்க்கவே கூடாது, புரியுதா? மெட்ராஸ் ஆஸ்பத்திரிதான். வாரா வாரம் எங்கிட்ட காட்டணும். வலி எடுத்தா நான் சீட்டு எழுதித் தரேன்."

"அம்மா, அடுத்த மாசம் வளைகாப்பு. அப்புறம் அவ தாய் வீட்டுக்குப் போயிடுவா."

"தாய் வீடு எங்க?"

வாலாஜாபாத்தைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, அதற்கப்புறம் வரப்பு மேல் நடக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அங்க போய்ட்டா நான் எப்படிப் பார்ப்பேன்? நீங்க எழுதிக் கொடுத்திருக்கிறது இந்த டிஸ்பென்சரி. போய் வீட்ல பேசுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் பேசுவதாவது! தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மகளின் முதல் பிரசவத்தைப் பார்க்காத தாய் ஊருக்குள் தலை காட்ட முடியாது. 'பொண்ணைத் தள்ளி வுட்டுட்டா' என்பார்கள். என் மாமியார் புருஷன் இல்லாமல் வயலைப் பார்த்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்தவர். பேச்சு வாங்கிப் பழக்கமே இல்லாதவர்.

அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. அவர் என்னோடு நேராகப் பேச மாட்டார். மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேசுவது மரியாதை இல்லை என்று பழக்கம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். நானும் சுவரிடமே பதில் சொல்வேன்.

தகவல் போனதும் மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாடி இது? எங்க ஊரு மருத்துவச்சி கை ராசிக்கு இவங்க டாக்டரு ஈடாவாளா? உங்க வூட்டுக்காரரைக் கேளு."

"புள்ள திரும்பலையாம்மா. கால் கீழ கீதாம்" என்றாள் என் மனைவி.

மாமியாரின் குரல் வேறு மாதிரி வந்தது.

"உனக்கு மின்னால ஒண்ணு பொறந்துச்சு. கால்தான் மின்னாடி வந்துச்சு. அதே மருத்துவச்சிதான். பாவம், அவளும் இன்னா செய்வா. முகத்தைக்கூட நான் சரியாப் பாக்கலை."

இதை என் மனைவி அதற்குமுன் கேட்டதில்லை. நான் வாசலில் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிறகு மாமியார், "அந்த இன்சூரன்ஸுன்னா இன்னா, வெவரமா சொல்லச் சொல்லு" என்றார்.

நான் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பதிவு செய்த டிஸ்பென்சரி, முதலில் அங்கிருக்கும் டாக்டர், அவர் சீட்டு, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, நேராகப் போனால் எடுக்க மாட்டார்கள், வேறு ஊருக்குப் போனால் செல்லாது. ஆபீசர் சொன்னதை நானே பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன். திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அட, தாயாரை கும்புட்டுட்டு அப்புறம் பெருமாளு! தாயாரு சிபாரிசு பண்ணாதான் பெருமாளு கண்ணைத் தொறந்து பாப்பாரு. அவ்ளோதானே? இதுக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ நீளம்?"

அன்றைக்குத்தான் எனக்கே அந்தத் திட்டம் புரிந்தது. டிஸ்பென்சரி தாயார் சன்னிதி. மெட்ராஸ் ஆஸ்பத்திரி பெருமாள் சன்னிதி. டாக்டரம்மாவிடம் எனக்கு இருந்த பயமும் அதற்கப்புறம் பக்தியாக மாறிவிட்டது.

ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும், தாயார் சன்னிதியோ ஸ்ரீபெரும்புதூரை விட்டு நகராது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? மாமியார் ஒரு ராத்திரி யோசித்தார். காலையில் எழுந்து வாசல் தெளித்துவிட்டு, லைன் வீட்டின் கடைசிக் கதவைப் பார்த்து நின்றார். அதில் இருந்த ஃபிட்டர் குடும்பம் ஓசூருக்கு மாற்றலாகிப் போனதால் அது பூட்டிக் கிடந்தது.

"அந்த வூடு வாடகைக்கு வுடுவாங்களான்னு கேக்கச் சொல்லு" என்றார்.

நான் நம்பவில்லை. வீட்டுக்காரரும் நம்பவில்லை. "ஏம்மா, பக்கத்துலயே மாப்ள வூடு இருக்க உனக்கு எதுக்குத் தனி வூடு?"

"அது மாப்ள வூடு. எம்பொண்ணுக்குத் தாய் வூடு வேணும்."

வயலையும் மாட்டையும் மகன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. மகனின் வண்டியில் அம்மிக்கல், குத்துவிளக்கு, சாமி படம், நெல் மூட்டை, ஒரு கட்டுக் காய்ந்த வேப்பிலை எல்லாம் வந்து இறங்கின. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார். அன்றிலிருந்து அந்தக் கடைசிக் கதவு என் மாமியார் வீடு.

ஆவணியில், ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு. என் வீட்டில் நடந்தது. லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு. எல்லாம் முடிந்து பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டிய நேரம். அழைத்துப்போக என்ன இருக்கிறது, இந்தப் படி இறங்கி அந்தப் படி ஏற வேண்டும்.

"இது இன்னா பயணம்? காக்கா கூடத் தாண்டிப்புடும்" என்றாள் ஒரு பெண்.

"ஒரு பஸ்ஸாவது ஏறுனாதாண்டி தாய் வூட்டுக்குப் போன கணக்கு" என்றாள் இன்னொருத்தி.

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். மாலையும் வளையலுமாக மகளை அழைத்துக்கொண்டு, பத்துப் பெண்கள் பின்னால் வர, ரோட்டுக்குப் போய் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினார். நானும் பின்படியில் தொற்றிக்கொண்டேன். கண்டக்டர் கேட்டார்: "வளைகாப்பா? பொண்ணைத் தாய் வூட்டுக்குக் கூட்டிகினு போறீங்களா? தாய் வூடு எங்க?"

"சுங்குவார்சத்திரம்."

"ஏறினதே சுங்குவார்சத்திரம்தானேம்மா!"

"ஆமா. சுத்திக்கினு போறோம். டிக்கெட்டைக் குடு."

கோயிலில் முதலில் தாயாரைச் சேவித்தோம். அப்புறம் ஆதிகேசவப் பெருமாள். தாயார் சன்னிதியில் மாமியார் ரொம்ப நேரம் நின்றார். சாயங்காலம் திரும்பிவந்து, என் கதவைத் தாண்டி, ஆரத்தி சுற்றி, மகளைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டார்.

அதன்பிறகு நான் என் மனைவியைப் பார்க்க வேண்டுமென்றால் மாமியார் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் போக வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, என் வாசலில் இறங்கி அடுத்த வாசலில் ஏறி, "அத்தே" என்று குரல் கொடுப்பேன். உள்ளே பாய் விரிப்பார்கள். வடை சுட்டு வைத்திருப்பார்கள். வேன்கார அண்ணன், "இன்னா, மாமியார் ஊருக்குக் கெளம்பிட்டியா? லீவு சொல்லிட்டியா?" என்று கேலி செய்வார். மாலையில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வளையல் சத்தம் கேட்கும். அவள் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் 'சாப்பிட்டேன்' என்று அர்த்தம். நானும் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவேன். கல்யாணமான புதுசில்கூட நாங்கள் அத்தனை பேசிக்கொண்டதில்லை.

வாரா வாரம் மாமியார்தான் மகளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மாவும் அவரும் சிநேகமாகிவிட்டார்கள். குழந்தை மட்டும் திரும்பவில்லை.

ஆயுதபூஜை அன்று கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். வேன்கார அண்ணன் தன் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தார். அப்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். லைன் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம். பனிக்குடம் உடைந்துவிட்டதாம்.

அண்ணன் வேன் கதவைத் திறந்தார். "ஏறு" என்றார், அவ்வளவுதான். வாழைக்கன்றோடு வேன் பறந்தது. லைன் வீட்டு வாசலில் மனைவியை ஏற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்து, மாமியார் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டார். வேன் பெங்களூர் ரோட்டின் முனைக்கு வந்து நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றார் அண்ணன்.

எனக்கு மண்டைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. டிஸ்பென்சரி பண்டிகை லீவு. சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது. டாக்டரம்மா வீடு மேற்கே, காஞ்சிபுரத்தில். ஆஸ்பத்திரி கிழக்கே, மெட்ராஸில்.

"அண்ணே, காஞ்சிபுரம் போய் டாக்டரம்மா கையில ஒரு சீட்டு வாங்கிட்டு..." என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் அதுவரை என்னைப் பார்த்துப் பேசியதே இல்லை.

"மாப்ளே! ஆனை காலை முதலை புடிச்சிக்கினு கெடந்துச்சே, அன்னிக்கு பெருமாளு தாயார்கிட்ட சொல்லிட்டா வந்தாரு? போட்டது போட்டபடி ஓடியாந்தாரா இல்லியா? கெழக்க திருப்பச் சொல்லுங்க வண்டியை!"

திரும்பிப் பார்த்தேன். நேருக்கு நேராக என் கண்ணைப் பார்த்தபடி இருந்தார். முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது. அதைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் நான் சொல்லக் காத்திருக்கவில்லை. வண்டி கிழக்கே திரும்பியது.

வழியெல்லாம் வண்டிகள் மாலையும் பூசணிக்காயுமாக நின்றன. எங்கள் வேனையும் பூஜைக்குப் போகும் வண்டி என்று நினைத்து ஆட்கள் கையசைத்தார்கள். மாமியார் டாஷ்போர்டில் இருந்த குங்குமத்தை எட்டி எடுத்து மகள் நெற்றியில் வைத்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிந்ததும் ஏரியையும் கும்பிட்டார். நான் அறிந்த நாமத்தையெல்லாம் சொன்னேன். அண்ணனும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தன் பங்குக்கு என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வேனுக்குள் எல்லா சாமியும் இருந்தன.

ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஐயா, சீட்டு இல்ல, டிஸ்பென்சரி லீவு, புள்ள கால் கீழ..." என்று நான் அழாத குறையாகச் சொன்னேன்.

"உயிர் போற அவசரத்துக்கு யாருய்யா சீட்டு கேட்டா? அட்டையைக் குடு. லீவு முடிஞ்சதும் டிஸ்பென்சரில போய்ச் சொல்லிடு" என்றார். அட்டையில் விரலை ஓட்டினார். "பொண்டாட்டி பேரு இருக்கா... இருக்கு. உள்ள போ."

அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் வந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். நான் தசமியன்று மஞ்சள் தடவி எழுதின பேரை நினைத்துக்கொண்டு அந்த வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து காட்டினபோது மாமியார் கையை நீட்டவில்லை. முதலில் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "வாங்கிக்கம்மா, எத்தினி நேரம் நான் தூக்கிகினு நிக்கிறது?" என்று நர்ஸ் சொன்னபிறகுதான் கையில் வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு எல்லோரும் தாய் வீட்டுக்கு வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தத்தோடு குழந்தை அழும் சத்தமும் சேர்ந்தது. பண்டிகை லீவு முடிந்து நான் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நேரா போகணும்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். என் மாமியார் என்றேன். யானை கதையையும் சொன்னேன். அந்தப் பெரிய குரலில் அவர் சிரித்ததைக் கேட்டு வெளியே பாட்டிலோடு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பிறந்தவள் இப்போது ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் இன்சூரன்ஸ் அட்டை உண்டு. நெட்வொர்க் ஆஸ்பத்திரி, முன் அனுமதி என்று என்னென்னவோ சொல்கிறாள். போன வாரம் போனில், "ஒண்ணுமே புரியலப்பா" என்றாள். நான் அவளை விசாரிக்கச் சொன்னது இதைத்தான்: உன் தாயார் சன்னிதி எது, பெருமாள் சன்னிதி எது, முதலை காலைப் பிடித்தால் எந்த வாசல் திறந்திருக்கும். மற்றதெல்லாம் பொடி எழுத்து. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் பிறந்த அந்த வருஷம், மார்கழியில் தாயையும் பிள்ளையையும் அனுப்பக்கூடாது என்று தை பிறந்தபின் நாள் பார்த்தார்கள். நான் முறைப்படி தட்டு எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் மனைவியையும் குழந்தையையும் அழைத்தேன். தொட்டில், வெள்ளிக் கொலுசு, பாத்திரம் எல்லாம் சீராக அடுக்கி வைத்திருந்தார். என் மனைவி அந்த வீட்டுப் படி இறங்கும்போது குலுங்கிக் குலுங்கி அழுதாள். பத்தடி தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வருகிறாள்! லைன் வீட்டுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். மாமியார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தாய் வீடு முடிந்தது. அந்தக் கதவுக்குள் வேறு குடும்பம் வந்துவிடும். அவளுக்கு அது தெரியும்.

மத்தியானம் மகன் வண்டி வந்து அம்மியையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டது. மாமியார் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வாசலுக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்கினார். நான் எதிரிலேயே நின்றேன். ஆனால் அவர் பழையபடி முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குழந்தையிடம் பேசினார்.

"உங்க நைனா கிட்ட சொல்லு. அந்த அட்டையைப் பத்திரமா வெச்சிக்கச் சொல்லு. நாளைக்கே போயி அதுல உன் பேரையும் எழுதச் சொல்லு. அஷ்டமி நவமியெல்லாம் பாத்துகினு இருக்க வாணாம்னு சொல்லு."

குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "சரிங்கத்தே" என்றேன், குழந்தையிடம்.